கருஞ்சீரகம்: ஆய்வகம் சொன்னதும் நாம் சொன்னதும்



நம் இல்லங்களில் பலவற்றில் கருஞ்சீரகம் ஒரு மளிகைப் பொருளாக மட்டும் இருப்பதில்லை. நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்துரைத்த பொருள் என்ற மரியாதையும் அதற்கு உண்டு. தேனில் குழைத்து உண்பவர்களும், எண்ணெயாகப் பூசுபவர்களும், ரொட்டி மாவில் தூவுபவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த மரியாதையைக் குறைப்பதற்காக இக்கட்டுரையை எழுதவில்லை. அந்த மரியாதையின் பெயரால் நாம் செய்துவிட்ட ஒரு தவறை ஒப்புக்கொள்வதற்காகவும், அது பிறருக்கு நேராதிருக்கவுமே எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ரமளானின் ஓர் இரவில், தராவீஹுக்குப் பின் பயான் செய்யும் பொறுப்பு நமக்குக் கிடைத்தது. அந்த வாரம் நம் மஹல்லாவின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வலம் வந்துகொண்டிருந்தது. நம்மிடம் மக்தபில் குர்ஆன் ஓதிய பெண்பிள்ளை ஒருவர், நுண்ணுயிரியலில் முதுகலை படித்துக்கொண்டிருந்தார். தமது ஆய்வுக்காகக் கருஞ்சீரகத்தின் சாற்றைக் கிருமிகளின் மீது சோதித்திருந்தார். கண்ணாடித் தட்டில் கிருமிகள் படலமாக வளர்ந்திருக்க, சாறு இட்ட குழியைச் சுற்றி மட்டும் தெளிவான ஒரு வளையம் தெரிந்தது. அவர் தம் வீட்டாருக்கு அனுப்பிய படம், எவரோ சேர்த்த வாசகத்துடன் ஊர் முழுவதும் பரவிவிட்டது: கருஞ்சீரகம் எல்லா நோயையும் குணமாக்கும் என்று விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது, இனி மாத்திரை தேவையில்லை.

அந்த வாசகத்தை நாம் விசாரிக்கவில்லை. மிம்பரின் அருகே அமர்ந்து, ஏறத்தாழ அதே சொற்களை நாமும் சொன்னோம். கூட்டம் மகிழ்ந்தது. "மாஷா அல்லாஹ்" என்ற குரல்கள் எழுந்தன. நமக்கும் மகிழ்ச்சியாகவே இருந்தது.

முன்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவருக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய். அன்றிரவோடு அவர் மாத்திரைகளை நிறுத்திவிட்டார். காலில் ஏற்பட்டிருந்த சிறு புண்ணிற்கும் கருஞ்சீரக எண்ணெயையே பூசி வந்தார். நான்கு மாதங்கள் கழித்து அவருடைய வலது காலில் இரண்டு விரல்களை அகற்ற வேண்டியதாயிற்று. மருத்துவமனையில் நாம் அவரைப் பார்க்கச் சென்றபோது அவர் கோபப்படவில்லை. "நீங்க சொன்னீங்கன்னுதான் ஹஜ்ரத், விட்டேன்" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல்லை நாம் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறோம்.

அந்த வளையம் என்ன?

இதற்குப் பின்னரே, அந்த மாணவியைத் தம் தாயாருடன் வரச்சொல்லி, அவர் செய்த சோதனையை முதன்முறையாகக் கேட்டறிந்தோம். "உஸ்தாத், நான் அப்படிச் சொல்லவே இல்லை. என் ஆய்வேட்டிலும் அப்படி எழுதவில்லை" என்று தயக்கத்துடன் தொடங்கினார். அவர் விளக்கியதையும், பின்னர் நாம் படித்தறிந்ததையும் இங்கே சுருக்கித் தருகிறோம். மூலிகை ஆய்வு பற்றிய செய்தி எது வந்தாலும் அதை எடைபோட இது உதவும், இன்ஷா அல்லாஹ்.

முதலில் விதையை உலர்த்திப் பொடித்து, ஹெக்சேன், மெத்தனால், தண்ணீர் போன்ற கரைப்பான்களில் ஊறவைக்கிறார்கள். விதையில் உள்ள பொருட்களில் சில எண்ணெய்த்தன்மை உள்ள கரைப்பானில் இறங்கும், சில நீரில் இறங்கும். எனவே ஒரே விதையிலிருந்து எடுத்தாலும் சாறுகள் ஒன்றுபோல் இரா. பிறகு கரைப்பானை ஆவியாக்கி, எஞ்சும் சாற்றை எடையிட்டு வைக்கிறார்கள். நாம் வீட்டில் மெல்லும் விதையும் ஆய்வகத்தின் சாறும் ஒரே பொருள் அல்ல என்பதை இங்கேயே மனத்தில் இருத்த வேண்டும்.

அகார் என்னும் கடற்பாசிப் பொருளால் உறையவைத்த சத்தூட்டிய தளத்தில் கிருமிகளைப் பரப்புகிறார்கள். பெரும்பாலும் புண்களில் சீழ் பிடிக்கச் செய்யும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ், குடலில் வாழும் ஈ.கோலை போன்றவை தேர்ந்தெடுக்கப்படும். தளத்தில் சிறு குழிகளிட்டு, ஒன்றில் சாற்றையும், மற்றொன்றில் ஏற்கெனவே பயனறிந்த நுண்ணுயிர்க்கொல்லி மருந்தையும், இன்னொன்றில் வெறும் கரைப்பானையும் இடுகிறார்கள். 37 பாகை வெப்பத்தில் ஏறத்தாழ ஓர் இரவு வைத்திருந்து, கிருமி வளராத வளையத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளக்கிறார்கள்.

மூன்று குழிகளும் ஏன்? வெறும் கரைப்பானே வளையத்தை உண்டாக்கினால், கிருமியைக் கொன்றது கருஞ்சீரகமா கரைப்பானா என்று சொல்ல இயலாது. மருந்திட்ட குழியில் வளையம் வராவிட்டால், சோதனையிலேயே ஏதோ கோளாறு. நம் மார்க்க வழக்கில் சொல்வதானால், ஒரு சாட்சியின் சொல்லை ஏற்குமுன் அவரது நம்பகத்தன்மையை விசாரிப்பது போன்றது இது. ஹதீஸ் அறிவிப்பாளர்களை ஒவ்வொருவராக எடைபோட்ட சமுதாயத்திற்கு இந்த ஒழுங்கு அந்நியமானதாக இருக்க முடியாது.

வளையம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது சொல்வது இவ்வளவுதான்: இந்த அளவுச் சாறு, இந்தத் தட்டில், இந்தக் கிருமியின் வளர்ச்சியைத் தடுத்தது. பிளீச்சிங் பவுடர் கரைசலை இட்டாலும் பெரிய வளையமே வரும். அதற்காக அதை எவரும் குடிக்கச் சொல்வதில்லை. தட்டில் கிருமியும் சாறும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. உடலிலோ, நாம் விழுங்கியது இரைப்பையின் அமிலத்தைக் கடந்து, குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலில் மாற்றமடைந்து, இரத்தத்தில் பரவி, புண் இருக்கும் இடத்தை அடைய வேண்டும். தட்டில் இட்ட செறிவில் ஒரு சிறு பங்குகூட அங்கே போய்ச் சேராதிருக்கலாம்.

வளையத்தின் அளவும் ஏமாற்றக்கூடியது. அகார் தளம் பெரும்பகுதி நீரால் ஆனது. அதில் எண்ணெய்ப்பொருள் எளிதாகப் பரவாது. எனவே வலிமையுள்ள எண்ணெய் சிறிய வளையத்தையும், வலிமை குறைந்த நீர்ச்சாறு பெரிய வளையத்தையும் காட்டிவிட முடியும். இதனால்தான் தேர்ந்த ஆய்வாளர்கள் வளையத்தோடு நின்றுவிடுவதில்லை. சாற்றைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, கிருமியைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவு எது என்று கண்டறிகிறார்கள். அது மனித உயிரணுக்களுக்கு நஞ்சாகுமா என்பதையும் தனியே பார்க்கிறார்கள்.

நிறம் மாறும் இன்னொரு சோதனை

ஆன்ட்டி ஆக்சிடன்ட் எனப்படும் ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் திறனைப் பற்றியும் செய்திகள் வருகின்றன. இதற்குப் பரவலாகச் செய்யப்படும் சோதனை டிபிபிஎச் என்பது. அடர்ந்த ஊதா நிறக் கரைசல் ஒன்றில் சாற்றைக் கலந்தால், சாற்றின் திறனுக்கேற்ப ஊதா வெளுத்து மஞ்சளாகும். அதைக் கருவியால் அளந்து, வைட்டமின் சி-யுடன் ஒப்பிடுகிறார்கள். பாதி நிறத்தைப் போக்கத் தேவைப்படும் சாற்றின் அளவே முடிவாகக் குறிக்கப்படும். அந்த எண் குறைவாக இருந்தால்தான் திறன் மிகுதி. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு பகிரப்படும் செய்திகளும் உண்டு.

நாம் அன்றாடம் அருந்தும் தேநீரும் இச்சோதனையில் நன்றாகவே தேறும். குழாயில் நிறம் மாறியதால் உடலில் நோய் மாறும் என்று பொருளாகாது. இதற்கு ஒரு கசப்பான சான்று உண்டு. பீட்டா கரோட்டின் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள் என்பதால் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பி, ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் பெரிய ஆய்வொன்று நடந்தது. 1994-இல் வெளிவந்த முடிவின்படி, அம்மாத்திரையை உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, மாறாக 18 விழுக்காடு மிகுந்திருந்தது. ஆய்வகத்தில் நன்மையாகத் தோன்றியது மனிதரிடம் தீங்காக முடிந்தது. மனிதரிடம் சோதித்துப் பார்த்ததால்தான் அந்தத் தீங்கு வெளிப்பட்டது.

கருஞ்சீரகம் மனிதரிடம் சோதிக்கப்பட்டதா?

சோதிக்கப்பட்டிருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். அதன் எண்ணெயில் உள்ள முதன்மையான பொருளான தைமோகுவினோன் 1960-களிலேயே எகிப்தில் பிரித்தெடுக்கப்பட்டது. அதன்பின் ஏராளமான தட்டுச் சோதனைகளும் விலங்குச் சோதனைகளும், அவற்றைவிடக் குறைந்த எண்ணிக்கையில் மனிதர்களிடம் செய்த ஆய்வுகளும் வந்துள்ளன.

சவூதி ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறோம். ஒன்று, இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகள் 94 பேரிடம் நடந்தது. நாளொன்றுக்கு 2 கிராம் கருஞ்சீரகம் உண்டவர்களுக்கு இரத்தச் சர்க்கரை குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. 3 கிராம் உண்டவர்களுக்கு அதைவிடக் கூடுதல் பயன் இல்லை. இங்கே நாம் கவனிக்க வேண்டியது, அந்நோயாளிகள் தம் மாத்திரைகளை நிறுத்தவில்லை என்பதே. மாத்திரையோடு சேர்த்துத்தான் கருஞ்சீரகம் கொடுக்கப்பட்டது. நம் பயானில் நாம் சொன்னதற்கும் இதற்கும் உள்ள தூரம், அந்தப் பெரியவரின் இரண்டு விரல்கள்.

மற்றொன்று, இரைப்பையில் தங்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியைப் பற்றியது. 88 பேர் பங்கேற்றனர். வழக்கமான மருந்துக் கூட்டு, எடுத்துக்கொண்டவர்களில் 83 விழுக்காட்டினரிடம் கிருமியை அகற்றியது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையுடன் 2 கிராம் கருஞ்சீரகம் எடுத்தவர்களிடம் அது 67 விழுக்காடு. 1 கிராமும் 3 கிராமும் எடுத்தவர்களிடம் 48 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. ஒரு விதைக்கு இது சாதாரணப் பெருமையன்று. ஆனால் அளவைக் கூட்டினால் பயன் கூடிவிடவில்லை, ஏற்கெனவே உள்ள மருந்தை அது முந்திவிடவும் இல்லை. இரண்டுமே சிறிய ஆய்வுகள். இவற்றைக் கொண்டு ஓர் ஊருக்கே மருத்துவம் சொல்ல முடியாது. மேலும் ஆராய வேண்டும் என்று சொல்ல முடியும்.

"அப்படியானால் ஹதீஸ்?"

இக்கேள்வி எழுவது இயல்பே. கருஞ்சீரகத்தில் மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் நிவாரணம் உண்டு என்ற கருத்துடைய நபிமொழி புகாரீயிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற ஆதாரப்பூர்வமான ஒன்று. அதில் நமக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஐயம் நம் விளக்கத்தின் மீதே.

ஹதீஸ் விரிவுரையாளர்கள் இதை எவ்வாறு புரிந்துகொண்டார்கள்? சொல் பொதுவாக இருப்பினும் கருத்து குறிப்பானது என்றும், சில வகை நோய்களையே இது குறிக்கும் என்றும் இமாம் கத்தாபி (ரஹ்) போன்றோர் விளக்கினர். பொதுவாகவே கொள்ள வேண்டும் என்றோரும் உண்டு. இவ்விரு சாராருமே பிற மருந்துகளைக் கைவிடச் சொல்லவில்லை. புகாரீயிலேயே இடம்பெறும் மற்றோர் அறிவிப்பில், நோயுற்ற ஒருவருக்காக ஐந்து அல்லது ஏழு விதைகளைப் பொடித்து, எண்ணெயில் கலந்து மூக்கில் விடுமாறு யோசனை கூறப்பட்டது. எண்ணிக்கை, பக்குவம், செலுத்தும் வழி என்று எல்லாமே அங்கே குறிப்பாக இருக்கின்றன.

மேலும், நபி (ஸல்) அவர்கள் தேனையும், ஹிஜாமாவையும், தல்பீனா கஞ்சியையும், இந்தியக் கோஷ்டத்தையும் பரிந்துரைத்திருக்கிறார்கள். கருஞ்சீரகம் ஒன்றே எல்லாருக்கும் எல்லா நிலையிலும் போதுமென்றால், மற்றவற்றைச் சொல்ல வேண்டிய தேவை என்ன? ஒவ்வொரு நோய்க்கும் மருந்துண்டு, மருந்து நோயோடு சரியாகப் பொருந்தும்போது அல்லாஹ்வின் அனுமதியால் குணம் கிடைக்கிறது என்ற கருத்தும் முஸ்லிமில் பதிவான நபிமொழியே. எந்த மருந்து எந்த நோய்க்கு எந்த அளவில் பொருந்தும் என்பதை மனிதன் தேடித்தான் அறிய வேண்டும். அந்தத் தேடலுக்கே இன்று ஆய்வு என்று பெயர்.

நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தார்கள். இப்னு சீனா தம் அல்-கானூன் நூலின் இரண்டாம் பகுதியில், மருந்தைச் சோதிப்பதற்கு ஏழு நிபந்தனைகளை வகுத்தார். மருந்தின் இயல்பை வேறெதுவும் மாற்றியிருக்கக் கூடாது, ஒரே நோய் உள்ளவரிடம் சோதிக்க வேண்டும், பயன் எப்போது தோன்றுகிறது என்று கவனிக்க வேண்டும், அது எப்போதும் நிகழ்கிறதா அல்லது தற்செயலா என்று பார்க்க வேண்டும் என்பன அவற்றுள் சில. மனித உடலிலேயே சோதிக்க வேண்டும், சிங்கத்திடமோ குதிரையிடமோ கண்ட பயன் மனிதனுக்குச் சான்றாகாது என்பது கடைசி நிபந்தனை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே விலங்கைக் கொண்டு மனிதனைத் தீர்மானிக்காதே என்றார் அவர். நாமோ கண்ணாடித் தட்டைக் கொண்டு தீர்மானித்துவிட்டோம்!

அவருக்கும் முன்னவரான அபூபக்ர் அர்-ராஸி, மூளைக்காய்ச்சலின் அறிகுறி கண்ட ஒரு பிரிவினருக்கு இரத்தம் குத்தி எடுத்தும், மற்றொரு பிரிவினருக்கு வேண்டுமென்றே எடுக்காமலும் விட்டு, இருவரின் நிலையையும் ஒப்பிட்டதாகத் தம் குறிப்புகளில் எழுதியுள்ளார். ஸ்பெயினின் மாலகாவில் பிறந்த இப்னுல் பைத்தார், ஏறத்தாழ 1,400 மருந்துப் பொருட்களைத் தொகுத்து, 1248-இல் டமாஸ்கஸில் மறைந்தார். கேள்விப்பட்டதை அப்படியே எழுதாமல், நாடு நாடாகச் சென்று செடிகளைக் கண்ணால் கண்டு சரிபார்த்தவர் அவர். இவர்களின் பெயர்களை மேடைகளில் பெருமையாகச் சொல்கிறோம். இவர்கள் கடைப்பிடித்த விசாரணையை மட்டும் விட்டுவிடுகிறோம்.

செடியிலிருந்து மருந்து வரை

மரபு சொன்னதை மதிப்பதும் அதைச் சோதிப்பதும் எதிரெதிரானவை அல்ல. சீனாவின் தூ யூயூ அம்மையார் மலேரியாவுக்கு மருந்து தேடியபோது, நான்காம் நூற்றாண்டு நூலொன்றில் ஒரு மூலிகையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்ததைக் கண்டார். கொதிக்க வைக்கச் சொல்லவில்லையே என்று சிந்தித்து, குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு சாறெடுத்தார். 1971-இல் அவர்களின் 191-ஆம் சாறு எலிகளின் மலேரியாவை முழுமையாக அடக்கியது. அதோடு அவர் நிறைவடைந்துவிடவில்லை. முதலில் தாமும் தம் குழுவினரும் அதை உட்கொண்டு தீங்கில்லை என உறுதி செய்த பிறகே நோயாளிகளுக்குக் கொடுத்தனர். அந்தச் செடியிலிருந்து பிறந்த ஆர்டெமிசினின் எண்ணற்ற உயிர்களைக் காத்தது. 2015-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

இத்தகைய தேடல் இன்று முன்னெப்போதையும்விடத் தேவைப்படுகிறது. இருக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்குக் கிருமிகள் பணியாமல் போவதால் மட்டும் 2019-ஆம் ஆண்டில் உலகெங்கும் 12.7 இலட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. புதிய மருந்துக்கான சுவடு ஏதேனும் ஒரு செடியில் இருக்கலாம். அது கருஞ்சீரகத்திலேயே இருக்கலாம். நம் பெண்பிள்ளை தட்டில் கண்ட வளையம் அத்தகைய ஒரு சுவடு. மதிக்கத்தக்கது, ஆனால் பாதையின் முதல் அடி.

நம் கடமை

தீர விசாரியாமல் செய்தியை ஏற்காதீர்கள் என்ற கட்டளை குர்ஆனில் (49:6) உள்ளது. அறியாததன் பின்னே செல்லாதீர்கள் என்றும் (17:36) கூறப்பட்டுள்ளது. இவை வாட்ஸ்அப் செய்திக்குப் பொருந்தாதா? மூலிகை பற்றிய செய்தி வந்தால், சோதனை தட்டில் நடந்ததா, விலங்கிடமா, மனிதரிடமா, எத்தனை பேரிடம், எந்த அளவில் என்று கேளுங்கள். பதில் இல்லையேல் பகிராதீர்கள்.

மருத்துவ அறிவின்றி வைத்தியம் செய்பவர் அதனால் விளையும் தீங்கிற்குப் பொறுப்பாவார் என்ற கருத்துடைய ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. ஆலிம்களாகிய நாம் முதலில் அஞ்ச வேண்டியது இதற்கே. மார்க்கத்தில் மக்கள் நம் மீது வைத்த நம்பிக்கை ஓர் அமானிதம். அதைக்கொண்டு மருத்துவம் சொல்லும் உரிமை நமக்கு வந்துவிடாது.

கருஞ்சீரகம் உண்பவர்கள் தாராளமாக உண்ணட்டும். உணவில் சேர்க்கும் அளவில் அது நம் பழைய துணை. ஆனால் மருந்தாகத் தொடர்ந்து எடுப்பதாயின் உங்கள் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். சர்க்கரை மாத்திரையோடு சேரும்போது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடக் கூடும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் எடுக்கவே வேண்டாம். மருத்துவரின் சொல்லின்றி எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். மருந்துண்பது தவக்குலுக்கு முரணானதன்று. மருந்தை விட்டுவிடுவது தவக்குலின் அடையாளமும் அன்று.

அறிவியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் கண்டதை மட்டும் சொல்லுங்கள். வளையம் வராத தட்டையும் மறைக்காமல் எழுதுங்கள். நபிமொழிக்கு வலுச்சேர்க்க முடிவை மிகைப்படுத்தத் தேவையில்லை. அந்தச் சொல் நம் மிகைப்படுத்தலை நம்பி நிற்கவில்லை.

அந்தப் பெரியவர் இப்போது மாத்திரையை முறையாக உண்கிறார். நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார். தொழுகை முடிந்ததும் நம்மைத் தேடி ஸலாம் சொல்கிறார். அடுத்த ரமளானில், அவருடைய சம்மதத்தைப் பெற்று, அதே இடத்தில் அமர்ந்து நம் பிழையைச் சபையின் முன் சொன்னோம். அன்று "மாஷா அல்லாஹ்" என்ற குரல் எழவில்லை. ஆனால் மறுநாள் காலை இருவர் நம்மிடம் வந்து, தாங்களும் மாத்திரையை நிறுத்தியிருந்ததாகவும், இனி மருத்துவரிடம் செல்லப்போவதாகவும் கூறினார்கள்.

அறிந்ததை அறிந்த அளவில் சொல்லும் நேர்மையையும், அறியாததில் வாய்மூடும் பணிவையும், நோயுற்றோர் அனைவருக்கும் பூரண ஷிஃபாவையும் வல்ல ரஹ்மான் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.